மூணு சென்ட் அபராதம்

— நன்கொடையா, அபராதமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. இது கல்லு. எழுதி எழுதி அழிக்க சிலேட்டு இல்ல.

— நன்கொடைன்னே வெட்டுங்க சனாவுல்லா பாய். 'இந்தப் பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு மூணு சென்ட் நிலம் நன்கொடை: நாச்சிமுத்து.' அம்புட்டுதேன். பெத்த மகன் நான் சொல்றேன்ல, வெளங்குதா?

— மகன் சொன்னா ஆச்சா? சொசைட்டித் தலைவி ஒருத்தி இங்கன நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா கருப்பணண்ணே? அபராதம்னு வெட்டுங்க பாய்.

— இந்த ராமுத்தாயி வாயப் பாத்தீகளா பாய்? நாளைக்குக் காலையில தெறப்பு விழா. புது கூலிங் டேங்கு, புது பெயிண்டு, பெரிய ஆபீசருக வாராக. அவுக முன்னாடியா எங்கப்பா மானம் போகணும்?

— எனக்கு ஒண்ணும் புரியலக்கா. திண்டுக்கல்லுலருந்து கல்லத் தூக்கிட்டு வந்தவன் நான். என்ன அபராதம்?

— பால்ல தண்ணி ஊத்துன அபராதம். எழுபத்தொம்பதுல இந்த ஊர்ல சொசைட்டி ஆரம்பிச்சாக. ஒரு கீத்துக் கொட்டாய், நாலு கேனு, அதான் ஆபீசு. நாச்சிமுத்தய்யா வீட்டுப் பால்ல லாக்டோமீட்டர விட்டா, கெணத்துல விழுந்த மாதிரி உள்ள போயிருச்சாம். தண்ணி கலந்தா அப்பிடித்தான் முங்கும். ஒருக்கா இல்ல பாய், மூணு தடவ! ஊர்க்கூட்டம் போட்டு, தடவைக்கு ஒரு சென்ட்டு, கட்டடம் கட்ட எடத்த எழுதிக் குடுன்னுட்டாக. தீர்மான நோட்டுல இருக்கு.

— யா அல்லா! அப்ப இது தண்ணியில எழும்புன கட்டடமா?

— நீங்களுமா பாய்? ஏத்தா ராமுத்தாயி, இந்தக் கட்டடத்துல நடக்காத கூத்தா? சொசைட்டி நடுவுல படுத்தப்ப சீட்டாடுனானுக. பள்ளிக்கூடத்து ஓடு சரிஞ்சப்ப அஞ்சாங் கிளாசு நடந்துச்சு. எலெக்சனுக்கு பூத்து. கொரோனாவுல திருப்பூர்லருந்து வந்தவன எல்லாம் இங்கதான் அடைச்சு வச்சோம். ஒன் சின்ன மாமன் மொதராத்திரியே இதுக்குள்ளதான்! அதெல்லாம் கல்லுல ஏறல, எங்கப்பா ஊத்துன தண்ணி மட்டும் ஏறணுமோ?

— மாமன் எதுலயும் தண்ணி கலக்கலண்ணே.

— அஸ்தஃபிருல்லாஹ்! செத்த நேரத்துல எனக்குத் தொழுகை இருக்கு. முடிவச் சொல்லுங்க.

— சொல்றேன் பாய். எங்கப்பா சாகுற வரைக்கும் வரக்காப்பிதான் குடிச்சாரு. கட்டுத்தறியில மாடு நிக்கும், வீட்டுல பாலு இருக்கும், தொட மாட்டாரு. அந்தப் பாலப் பாத்தாலே ஊரு சிரிச்சது ஞாபகம் வருதுன்னுவாரு. அப்பிடி வதங்கிப்போன மனுசன் பாய். அவருக்கு ஒரே ஒரு வரி நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டா எனக்குப் போதும். வேறொண்ணும் கேக்கல.

— பாவமா இருக்கேக்கா. நன்கொடைன்னு போட்டா என்ன கொறஞ்சு போயிரும்?

— நோட்டுல அபராதம், கல்லுல நன்கொடையா? நாளைக்கே எவனாவது ஏன் எதுக்குன்னு தோண்டுவான். உள்ளது உள்ளபடி கெடக்கட்டும் பாய்.

— உள்ளபடியா? அப்ப நானும் ஒண்ணு கேக்குறேன். தலைவியாகுறதுக்கு முந்தி இருவது வருசம் இதே கட்டடத்துல பாலு டெஸ்ட் பண்ணவ நீ. சொந்த நாத்தனா பாலையே தரையில கொட்டுனவ. என் கேன்ல மட்டும் ஒரு நா லாக்டோமீட்டர விட்டதில்ல. 'நீங்க ஊத்திட்டுப் போங்கண்ணே'ம்ப. ஏன்?

— ஒங்க மேல ஒரு நம்பிக்கைதான்.

— நம்பிக்கையா? என்னதான் பண்றன்னு பாக்க, ரெண்டு தடவ வேணும்னே பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் கொண்டாந்தேன். பாலு நீலமா இருந்துச்சு. அப்பவும் 'போங்கண்ணே'ன்ன!

— அடப்பாவி மனுசா!

— திட்டுறத அப்புறம் திட்டு. பதிலச் சொல்லு.

— சொல்லிருங்க தலைவரம்மா. உளிய வச்சாச்சு, கை வலிக்குது.

— வெட்டுங்க பாய். நன்கொடைன்னே வெட்டுங்க. நாச்சிமுத்துங்கற பேரு நல்லாப் பெருசா வரட்டும்.

— ஏத்தா, என்னாச்சு ஒனக்கு? ஏன் அழுகுற?

— அந்த எழுபத்தொம்பதுல ஒங்க வீட்டு மாட்டக் கறந்தது யாருண்ணே?

— ஒங்காத்தா கண்ணம்மாதான். அதுக்கென்ன இப்ப?

— நான் அப்ப ஆறு மாசக் கைப்புள்ள. ஆத்தாவுக்குப் பாலு சொரக்கல. தெனம் ஒரு செம்பு எனக்கு எடுத்துக்கிட்டு, கொறஞ்ச அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சது அதுதான். ஒங்கப்பா கண்ணால பாத்துட்டாரு, ஆனா ஊர்க்கூட்டத்துல ஆத்தா பேரச் சொல்லலன்னு ஆத்தாவே பின்னால எங்கிட்ட சொல்லுச்சு. அந்தப் பாலக் குடிச்ச வாயிதாண்ணே இம்புட்டு நேரம் ஒங்ககிட்ட மல்லுக்கட்டுச்சு.