ஈரம் பதின்மூன்று

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் நான் எந்த வியாபாரியிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்தது கிடையாது. விசாரணை என்றால் நீங்கள் முதலில் அதைத்தான் தேடுவீர்கள். மெனக்கெட வேண்டாம்.

எல்லைச் சாவடியில் நான் உணவுப் பரிசோதகர். பக்கத்து நாட்டிலிருந்து வரும் தானியம் எதுவும் என் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது. லாரி வந்ததும் மூட்டைகளில் குத்தூசி போட்டு மாதிரி எடுப்போம். அது தலைநகர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர மூன்று வாரம் ஆகும். அதுவரை லாரி முற்றத்தில் நிற்கும். அவர்கள் ஊர் ஆய்வகம் கொடுத்த சான்றிதழ் எங்கள் விதிப்படி வெறும் காகிதம். போன மாதம் தேறிய அதே வயல் சோளம் என்றாலும் மறுபடி முதலிலிருந்து. பலர் வெறுத்துப்போய் வியாபாரத்தையே விட்டார்கள். என் வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதை அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

விடாமல் வந்தது சோளக்காரம்மா ஒருவர்தான். நாங்கள் வைத்த பெயர் அது. ஒன்பது வருஷமாக மக்காச்சோளம் கொண்டுவந்தார், ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. லாரி நிழலில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பார். "எம் பொண்ணவிட உங்க மூஞ்சியத்தான் சார் அதிகம் பாத்திருக்கேன்" என்று சிரிப்பார்.

போன வருஷம், இரண்டு நாடுகளும் ஒன்றின் சான்றிதழை ஒன்று ஏற்கப்போவதாகப் பேச்சு வந்தது. சாவடியில் சோதனை இருக்காது. மேலதிகாரி போனில் கேட்டார்: "பத்து வருஷத்துல எத்தன கெட்ட சரக்கு பிடிச்சீங்க? ரெண்டு. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

நாங்கள் காவல் காத்ததால் கெடுதல் நடக்கவில்லை, கெடுதல் நடக்காததால் காவல் வேண்டாம் என்கிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன்.

அந்தச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. சோளக்காரம்மாவின் லாரி முற்றத்தில் நின்றது. தார்ப்பாய் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. ஷெட்டுக்குள் விடலாமா என்று கேட்டார். முடிவு வராத சரக்கை நகர்த்த விதி இடம் கொடுக்காது என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. ஷெட் காலியாகத்தான் இருந்தது.

இருபதாம் நாள் முடிவு வந்தது. நல்ல சரக்கு என்று இருந்தது. மழைக்கு முன் எடுத்த மாதிரிதானே. அன்று காலை அவரே என் மேஜைக்கு வந்தார்.

"சார், அடி மூட்டையெல்லாம் தொட்டா சுடுது. வாடை வேற. நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன். இத மாட்டுக்குக்கூட போட மாட்டேன்."

"ஆய்வகமே நல்லாருக்குன்னு சொல்லிடுச்சும்மா. உங்களுக்கு ஏன் வீண் பயம்?"

"மனசு கேக்கல சார்."

"கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அது வாங்கின மில்காரர் சரக்கு."

அவர் போன பிறகு நானே போய்ப் பார்த்தேன். பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஈரமானி இருபத்தொன்று காட்டியது. பதிவேட்டில், நல்ல சரக்குக்கு இருக்க வேண்டிய பதின்மூன்று என்று எழுதினேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பூஞ்சையின் விஷம் வேகவைத்தாலும் போகாது, கல்லீரலை அரித்துவிடும். புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த வகுப்பை எடுப்பவனே நான்தான்.

மில்லில் அரைத்த மாவு ஒரு செங்கல் சூளைக்குப் போனது. அங்கிருந்த குடும்பங்கள் ஒரு மாதம் அதைத்தான் காய்ச்சிக் குடித்தன. நாலைந்து பேர் படுப்பார்கள், பத்திரிகையில் வரும் என்று நினைத்தேன். பதினேழு பேர் செத்துப்போனார்கள். ஆறு பேர் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகாதவர்கள். இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை என்று சொல்ல வந்தேன். நாலைந்துக்கு மேல் யோசிக்காமல் நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் சரி.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளித்த ஒரு தகப்பன் என் சட்டையில் இருந்த அரசாங்கச் சின்னத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே இப்படி உள்ள வராம பாத்துக்குங்க சார்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னபடி செய்தேன். ஒப்பந்தப் பேச்சு நின்றது. இப்போது ஒரு லாரிக்கு இரண்டு சோதனை.

சான்றிதழ் வாங்கிய பிறகு கெட்ட மூட்டைகளைக் கலந்தார் என்று சோளக்காரம்மாவைப் பிடித்தார்கள். நீதிமன்றத்தில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க சார், நான் வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

ஞாபகமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எது வைத்தாலும் மோந்து பார்க்கிறேன். "ஏங்க, நான் சமைச்சதுல விஷமா இருக்கு?" என்று மனைவி கேட்டாள். அன்றைக்கு அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் விட்டேன். அந்த அம்மா மேல் தப்பில்லை. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் மேலே சொல்லுங்கள்: இதைக் காரணம் காட்டிச் சாவடியை மூடிவிட வேண்டாம். நான் இல்லாத நேரத்தில் யாராவது கெட்ட சரக்கை உள்ளே விட்டுவிட்டால், அந்த ஜனங்களுக்கு யார் பதில் சொல்வது?