கரண்ட் வருவதற்குள் நிறுத்த வேண்டிய ரயில்

— அப்ப சுவிட்ச அமத்தல.

— அமத்துனேன்னுதான் நெனைக்கேன்.

— நெனைக்கிறது வேற, அமத்துறது வேறங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. காலையில ரயிலு வுட்டீங்களே, அதுக்குக் கரண்டு குடுக்குற பொட்டியோட சுவிட்ச அமத்துனீங்களா, இல்லியா?

— மெல்லப் பேசு மேகலா. பஸ்ல எல்லாரும் பாக்காங்க.

— பாக்கட்டுமே. பூபதி சாரு பொம்ம ரயிலு வுடுறாருன்னு ஓசூரு பூரா தெரியும். சூளகிரிக்காரங்களுக்கும் தெரியட்டும்.

— பொம்மை இல்லன்னு எத்தன தடவ சொல்லுதேன்! கம்பெனி ட்ரெயினிங்குக்கு அனுப்புனப்ப ஜெர்மனியில வாங்குனது. நெசமான எஞ்சின் எப்படி இருக்குமோ அதே அச்சு, அதே சக்கரம்...

— அச்செல்லாம் அப்புறம். கேட்டதுக்குப் பதிலு.

— வேகத்துக்கு உள்ள நாபத் திருகி ஜீரோவுல வச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு.

— ஜீரோவுல வச்சா ரயிலுதான நிக்கும்? பொட்டிக்குள்ள கரண்டு ஓடிக்கிட்டேதான இருக்கும்? அன்னிக்கு நான் தொட்டுட்டு கைய உதறுனப்ப யாரு சொன்னது? “நாப நம்பாத, செவுத்துல ப்ளக்கப் புடுங்குனாத்தான் நிம்மதி”ன்னு யாரு சொன்னது?

— நான்தான்.

— அப்பறம்?

— சரி, உள்ளதச் சொல்லுதேன். நாபையும் திருகல. எஞ்சின் குகைக்குள்ள போச்சு, பொசுக்குன்னு கரண்ட் போயிட்டு. நீ வாசல்ல நின்னு பஸ்ஸு போயிரும், பஸ்ஸு போயிரும்னு கத்துத. கரண்டே இல்லாத பொட்டிய என்னத்த அமத்தன்னு சட்டைய மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

— அப்ப கரண்டு வந்தா?

— தானா ஓடும்.

— யாரும் இல்லாத வூட்டுலயா?

— யாரும் இல்லாம என்ன. உன் தம்பி இருக்கான்ல.

— முனிராஜு முன்ரூம்புல தூங்குறான். ரயிலு ஓடுனா அவனுக்கு என்ன தெரியும்?

— முன்ரூம்புல இல்ல மேகலா.

— என்னாது?

— ஃபேன் நின்னுட்டுன்னு பாயச் சுருட்டிக்கிட்டு பின்னால வந்துட்டான். ரயில் ரூம்புல, மேசைக்கு அடியில, தரை சில்லுன்னு இருக்குன்னு படுத்துட்டான். நான் சட்டை மாட்டும்போதே கொறட்ட.

— அய்யோ, வெளிய பூட்டிட்டு வந்துட்டேனேங்க!

— உன்னை யாரு பூட்டச் சொன்னது?

— நைட் ஷிப்ட்டுக்காரன் தூங்குற வூட்ட நம்ம லைன்ல யாருதான் பூட்டாம போறாங்க? தொறந்து வச்சா பூக்காரி தட்டுவா, கேஸுக்காரன் தட்டுவான், குழந்தைங்க பந்து எடுக்க வரும். பூட்டு தொங்குனாத்தான் அவன் நிம்மதியா தூங்குவான். அவனே கேட்டான், “அக்கா, பூட்டிட்டுப் போ”ன்னு.

— சாவி?

— என் பையில. செல்லும் அவன் அமத்தி வச்சிருப்பான். சளி மாத்திர வேற போட்டிருக்கான். காதுல பஞ்சு.

— சரி, சரி. பதறாத. எஞ்சின் ஓடுனா ஓடிட்டுப் போவுது. தண்டவாளத்த விட்டு எறங்காம இருந்தாச் சரி.

— எறங்குனா?

— எறங்குனா சக்கரம் ரெண்டு கம்பியையும் சேத்துப் புடிச்சிரும். ஷார்ட்டு. ஜெர்மனிக்காரன் குடுத்த பொட்டின்னா தானா கட் ஆயிரும். அது எரிஞ்சு போனதுக்கப்புறம் பெங்களூருல சொல்லிச் செஞ்சம்லா, இதுல கட்டு கிட்டு ஒண்ணும் கெடையாது. சூடாகும். சூடாகிட்டே இருக்கும்.

— ...ஏங்க.

— என்ன?

— அந்தப் பொட்டிக்கு ஒறை போட்டேங்க.

— என்ன ஒறை?

— வெல்வெட்டு. டிவிக்குத் தெச்சேன், மிக்ஸிக்குத் தெச்சேன், மிச்சத் துணி கெடந்துச்சு. ஊருக்குப் போறமே, தூசு படியுமேன்னு நீங்க சட்டை தேடப் போனப்ப மாட்டி, நாடாவையும் இறுக்கிக் கட்டிட்டேன்.

— அது மூச்சு விடணும்டி! சூடு வெளிய போறதுக்குத்தான ஓட்ட ஓட்டையா வச்சிருக்கான்!

— செத்த பொட்டிக்குப் போட்டேங்க. கரண்டுதான் இல்லியேன்னு நெனச்சேன். நீங்களும் அதத்தான நெனச்சீங்க?

— மேசை மேல கட்டுன மலை பூரா தெர்மாகோல். குகை பூரா தெர்மாகோல். அடியில ஆளு.

— இன்னா மணி? கரண்டு பத்துக்குப் போனா பதினொண்ணுக்குத்தான வரும்? ...அய்யோ, வர்ற நேரமாச்சே!

— கண்டக்டர் சார்! இங்க நிறுத்துங்க, எறங்கணும்! மேகலா, எழுந்திரு. எதுத்தாப்புல வர்ற வண்டியப் புடிப்போம்.

— நாம போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். உக்காருங்க. பக்கத்து வூட்டு நஞ்சம்மாக்காவுக்கு போன் போட்டு மெயின எறக்கச் சொல்றேன். மீட்டரு வெளிய நடையிலதான இருக்குது.

— அந்தம்மா வேண்டாம்.

— ஏன்?

— அதுக்கு என்ன தெரியும்? ஷாக்கு அடிச்சிரும்.

— கரண்டே இல்லாதப்ப எப்படிங்க ஷாக்கு அடிக்கும்?

— வேண்டாம்னா விடேன். நான் போய்ப் பாத்துக்கிடுதேன். 

— உள்ள கெடக்குறது என் தம்பிங்க! வுடுங்க கைய. ...ரிங்கு போவுது. இருங்க, லவுடுல போடுறேன்.

— ஹலோ! ஏனு மேகலம்மா, அதுக்குள்ள கிருஷ்ணகிரி போயாச்சா?

— அக்கா, எங்க இருக்கீங்க? வூட்டுலயா?

— வூட்டுலதான். கரண்ட் இல்ல, சுண்டைக்கா காயப் போட்டுட்டு விசிறிட்டு உக்காந்திருக்கேன். ஏன், என்னாச்சு?

— செல்லக் கையில வச்சுக்கிட்டே நடைக்கு வாங்கக்கா. மீட்டரு பொட்டி இருக்குதில்ல, அங்க.

— வந்தேன், வந்தேன். முட்டி வலி தாயி, மெதுவாத்தான் வர முடியும். ...ஆங், வந்துட்டேன். ரெண்டு மீட்டரு கீது. எது உங்களுது?

— ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சது எங்களுது. பொட்டு வச்சதோட கைப்பிடியக் கீழ இழுங்க.

— ஏன், சாரு வந்து செய்ய மாட்டாரா? எனக்கு இதத் தொட பயம். எங்க வூட்டு ஒயரு பொகஞ்சப்பகூட சாருதானே பூரா ஒயரையும் மாத்திக் குடுத்தாரு. அவரு கை வச்சா நிம்மதி.

— சாரு பக்கத்துலதான் இருக்காரு. ஏங்க, அக்காவுக்கு ஒரு வார்த்த தெம்பாச் சொல்லுங்க.

— ...எறக்குங்க நஞ்சம்மா. ஒண்ணும் ஆகாது.

— சாரு சொன்னா சரி. தேவரே, சாமி, காப்பாத்து. ...டபக்குன்னு எறங்கிருச்சு.

— அப்பாடா! அக்கா, உங்க வாய்க்கு சர்க்கர போடணும். ஏங்க, எறக்கிட்டாங்க. இனி கரண்டு வந்தாலும் நம்ம வூட்டுக்குள்ள வராதில்ல?

— ம்.

— என்ன ம்? இன்னும் ஏன் வேர்க்குது உங்களுக்கு? கம்பியப் புடிச்சுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க?

— நஞ்சம்மா, போன வைக்காதீங்க. பின்னால சந்துக்குப் போங்க. ரயில் ரூம்பு ஜன்னல் தெறந்துதான் இருக்கு. முனிராஜ எழுப்புங்க. கத்தி எழுப்புங்க.

— பாவம், நைட்டெல்லாம் மெஷின்ல நின்ன பையன். எதுக்கு சார் எழுப்பணும்? அதான் மெயின எறக்கியாச்சே?

— எழுப்புங்கன்னா எழுப்புங்களேன்!

— ஏன் அவங்ககிட்ட எரிஞ்சு வுழுறீங்க? அக்கா, அவரு பதட்டத்துல பேசுறாரு. போய் ஒரு சத்தம் குடுங்கக்கா.

— போறேம்மா, போறேன். ...முனிராஜு! ஏய் முனிராஜு! ...காலு ரெண்டும் மேசைக்கு வெளிய தெரியுது. அசையவே மாட்டேன்றான். இரு, ஒட்டடக் குச்சி எடுத்தாரேன்.

— சீக்கிரம்க்கா.

— இந்தா, எடுத்தாச்சு. எட்டல. கம்பிக்குள்ள தோளு போனாத்தானே எட்டும். முனி... ஆ, கரண்ட் வந்துச்சு! நம்ம டிவி பாடுது.

— வந்துருச்சாம்ங்க! நல்லவேள, முன்னாடியே எறக்கிட்டோம்.

— நஞ்சம்மா. ரூம்புக்குள்ள என்ன கேக்கு?

— என்னமோ கர்ருன்னு கேக்குது சார். வண்டு மாதிரி. ...அய்ய, ரயிலு! மலைக்குள்ள பாதி, வெளிய பாதி. கோணிக்கிட்டு நிக்குது. சக்கரம் துள்ளுது.

— எப்படி ஓடும்? அக்கா, பொட்டு வச்சதத்தான எறக்குனீங்க?

— கண்ணு முன்னால எறக்குனேன் தாயி. இதோ இங்கிருந்தே தெரியுது, கைப்பிடி கீழதான் கீது. உள்கதவு வழியா பாத்தா உங்க முன்ரூம்பு ஃபேனும் நிக்குது. ரயிலு மட்டும்... ஏனு நாத்தம் இது? துணி கருகுது!

— ஒறைங்க! என் ஒறைங்க!

— நீலத் துணி மேல பொகை கௌம்புது. அய்யோ, மேசைக்கு அடியில போவுது பொகை, பையன் இருமுறான், ஆனா கண்ணத் தொறக்கல. இரு, தொட்டி பக்கத்துலயே கீது. குடத்துல மொண்டு ஜன்னல் வழியா வீசறேன்.

— தண்ணி ஊத்தாதீங்க!

— எரியுது சார்!

— தண்ணி ஊத்தாதீங்க நஞ்சம்மா, உங்க கால்ல விழுதேன்! அதுல கரண்டு இருக்கு! தண்ணி அவன் மேல வழிஞ்சா அவன் செத்துருவான்!

— மெயின எறக்கியாச்சு சார், எப்பிடி கரண்டு இருக்கும்? நான் ஊத்தறேன்.

— ஏங்க, ஊத்த வுடுங்க! தம்பி எரிஞ்சு போயிருவான்!

— செல்லக் குடு. குடுடி இங்க! ...நஞ்சம்மா, கொடத்தக் கீழ வையுங்க. நடைக்கு ஓடுங்க. உங்க மெயின எறக்குங்க.

— நம்மதா? நம்மது எதுக்கு?

— உங்களுதுதான். பொட்டு வைக்காதது. கேக்காதீங்க, ஓடுங்க தாயி.

— ஏங்க, அவங்க மெயினு எதுக்குங்க?

— பேசாத. 

— ஏங்க...

— பேசாத மேகலா. காதக் குடுத்துக் கேளு.

— ...எறக்கிட்டேன். நம்ம டிவி நின்னுச்சு.

— ரயிலு? ஜன்னலுக்குப் போய்ப் பாருங்க. ரயிலு?

— இரு சார், மூச்சு வாங்குது. ...நின்னுச்சு. ரயிலு நின்னுச்சு. பொகை மட்டும் வருது.

— இப்ப ஊத்துங்க. கொடத்தோட ஊத்துங்க. அவன் மேலயும் ஊத்துங்க.

— அக்கா, என்னாச்சு? அக்கா! சத்தத்தையே காணோம். அக்கா!

— எழுந்துட்டாம்மா! எழுந்துட்டான், எழுந்துட்டான். தல மேசையில இடிச்சுக்கிட்டான். துணியப் புடுங்கி மூலையில எறிஞ்சு மிதிக்கிறான்.

— பேசுறானா? அவன் கொரலக் காட்டுங்கக்கா!

— கொரலா? எவ என் மேல தண்ணி ஊத்துனதுன்னு கேக்கறான். அதுக்கு மேல கேட்டதெல்லாம் உன் காதுல சொல்லக் கூடாது.

— திட்டுறானா? திட்டட்டும், நல்லா திட்டட்டும். ஏங்க, திட்டுறானாம்ங்க! நஞ்சம்மாக்கா, எங்க கொலதெய்வம்க்கா நீங்க. உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்!

— அழுவாத மேகலம்மா. ஜன்னலோரம் வந்து மூச்சு வுடறான். கை காலெல்லாம் நல்லா கீது. கம்பி வழியா தண்ணி குடிக்கக் குடுத்திருக்கேன். நீ சாவிய எடுத்துக்கிட்டு நிதானமா வா.

— இப்பவே எறங்கி வர்றோம்க்கா.

— வா, வா. ஆனா மேகலம்மா.

— சொல்லுங்கக்கா.

— நான் படிக்காதவ, எனக்குப் புரியல. சாருகிட்ட ஒண்ணு கேளு. உங்க மெயின எறக்குனப்ப நிக்காத ரயிலு, நம்ம மெயின எறக்குனதும் எப்பிடி நின்னுச்சு?

— ஏங்க. அவங்க வூட்டு ஒயர மாத்துனது நீங்கதான. இந்தாங்க, புடிங்க. உங்களத்தான் கேக்குறாங்க.