குமிழைக் கைவிட்ட கோமான் ஞானசிகாமணி அவர்களுக்கு

சின்னமனூர் வெண்பனி குளிர்பதனக் கிடங்கின் மின்பிரிவு மேற்பார்வையாளரே! கம்ப்ரஸர் கனைத்தால் கனவிலும் கண்விழிக்கும் காவலரே! எங்கள் டிபன்பாக்ஸில் என்ன குழம்பு என்பதை மூடி திறக்குமுன் மூக்கால் அறியும் மேதையே! வணங்கி மகிழ்கிறோம்.

இன்று ஓய்வுபெறும் தங்கள் பதினான்கு ஆண்டுப் பணியைப் பாட வந்த நாங்கள், ஒரேயொரு பங்குனிப் பகலோடு நிறுத்திக்கொள்கிறோம். ஐயா, தாங்கள் சற்றே காதைப் பொத்திக்கொள்ளுங்கள்; இனிப் பேசுவது சபையோரிடம்.

பெரியோர்களே! 2008-இல் மூன்றாம் அறைக்குக் குளிரைக் கட்டுப்படுத்தும் ஒரு புதுப் பெட்டி வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியே அனுப்பும் ஒரு பக்கத்தைத் திறந்து, அறை எத்தனை டிகிரியில் இருக்கவேண்டும் என்று சொல்லலாம். சொல்பவர் மேலாளர் நதியா. கதவோரக் குமிழைத் திருகியும் சொல்லலாம்; திருகுபவர் நம் ஞானசிகாமணி. ஒரு பெட்டிக்கு இரண்டு எஜமானர்கள்! டீக்கடையில் நாங்கள் கட்சி பிரிந்து குளிர்காய்ந்தோம்.

பெட்டி வந்த புதிதில், அந்தப் பங்குனிப் பகலில், அறைக்குள் ஓடைப்பட்டி அக்கம்மாளின் திராட்சை; ஒரு வருஷ வெள்ளாமை முழுக்க அதுதான். ஒரு டிகிரியில் கிடக்கவேண்டிய பழம். கரண்ட் போய்ப் போய் வந்தது. வந்தபோதெல்லாம் பெட்டி பதிமூன்று என்றது. அது வாழைக்காய்க்கு வைக்கும் குளிர். நதியா ஒன்று என்று திருத்துவார். அடுத்த கரண்ட் கட் முடிந்ததும் மறுபடி பதிமூன்று.

"சார், நான் வச்சதை நீங்க பின்னாடியே திருகி மாத்துறீக!"

"நான் எங்கம்மா தொட்டேன்? நீதான் அங்கன உக்காந்து தப்பாத் தப்பா அடிக்கிற!"

கதவை விட்டு நகராத அக்கம்மாள் பொங்கிவிட்டார். "யாரு மாத்துனாகன்னு பெறகு அடிச்சுக்கங்க! உள்ளே என் பழம் வேகுது!"

உள்ளே ஏழு டிகிரி போய் எட்டு. ஐயாவுக்கு வேர்த்தது, ஜன்னலில் நாங்கள் அத்தனை பேரும் தொங்கிக்கொண்டு பார்த்தோம், பார்க்காமல் இருப்போமா? தான் தொடவில்லை என்பது அவருக்குத் தெரியும். நதியா பொய் பேசுகிறவர் அல்ல என்பதும் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. அப்படியானால் இந்தப் பெட்டி யார் பேச்சைக் கேட்கிறது?

நதியாவைக் கம்ப்யூட்டரில் ஒன்று வைத்துவிட்டு வரச்சொல்லித் தன்னருகே நிறுத்தினார். கம்ப்யூட்டர் பக்கத்திலும் ஒன்று, குமிழிலும் ஒன்று. எல்லோரும் பார்க்கப் பெட்டியின் கரண்டைத் தானே நிறுத்தினார்.

"ஆத்தாடி!" என்று அலறினார் அக்கம்மாள்.

மறுபடி போட்டார். யார் கையும் படாமலே பெட்டி சொன்னது: பதிமூன்று.

மூன்றாவது எஜமானர்! மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மெமரி கார்டு. பெட்டியைப் பொருத்திக் கொடுத்தவர்கள் வாழைக்காய் வைத்துச் சோதித்துவிட்டு எடுக்க மறந்தது. பெட்டி கண்விழித்ததும் அதைப் படித்து, மற்ற இருவர் பேச்சையும் துடைத்துவிட்டிருக்கிறது. அதை உருவிவிட்டு மறுபடி கரண்டைப் போட்டார். பெட்டி ஒன்று என்றது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம். கம்ப்யூட்டர் பக்கமும் குமிழும் முரண்பட்டால் யார் பேச்சு நிற்கும்? அதையும் பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. களைத்துப்போன நதியா, "உங்க குமிழையே முதல்ல வச்சிடுறேன் சார்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கூடையோடு கடந்த எங்கள் சுமைதூக்கி ஒச்சாண்டியின் முழங்கை பட்டுக் குமிழ் நாலுக்கு நகர்ந்தது. ஐயா அதையே வெறித்துப் பார்த்தார்.

"வேணாம்மா. கம்ப்யூட்டர் பக்கமே பேசட்டும். இந்தக் குமிழோட வாயை அடைச்சிரு."

"நெசமாவா சார்?"

"சீக்கிரம் அடிம்மா. மனசு மாறிரும்."

எட்டு ஏழானது, ஏழு ஆறானது. அக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பழம் பழுதில்லாமல் மலையேறிக் கேரளம் போனது.

காதைத் திறந்துகொள்ளுங்கள் ஐயா! அன்றுமுதல் எதற்கும் உதவாத அந்தக் குமிழை, காலைதோறும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு திருகு திருகிவிட்டுப் போனீர்களே, நாங்கள் பார்த்தோம். நதியா அம்மையாரும் பார்த்தார். ஒருநாளும் சிரிக்கவில்லை, எங்களையும் சிரிக்கவிடவில்லை.

அந்தக் குமிழையே கழற்றி இம்மடலின் சட்டத்தில் பதித்திருக்கிறோம். நலமும் வளமும் நீங்காமல், நெடுங்காலம், நெஞ்சு நிறையத் திருகி வாழ்க! அறை ஒரு டிகிரியில்தான் இருக்கும்.

என்றும் ஜன்னலோரத்தில்,
கிடங்குப் பணியாளர்கள்
சின்னமனூர், மே 2010