எதிர்வூட்டுக்குக் கேக்கும் குறட்டை

மணிமொழி: டாக்டர் கேட்டா உள்ளத சொல்லணும்யா. அதுக்கு இன்னாத்துக்கு உள்ள அப்டி மொறைச்ச?

தணிகாசலம்: எது உள்ளது? "எம் புருசன் நல்லா தூங்குவாரு, குறட்டை எதிர்வூட்டுக்குக் கேக்கும்"னு... மானத்த வாங்கிட்டியே.

மணிமொழி: மானம் போனா போவுது. தோள்பட்டை போவாம இருந்தா சரி.

தணிகாசலம்: அது எப்பவோ பூடுச்சு. தண்ணி கேனைத் தோள்ல வெச்சா, இவன நம்பறதுக்கு நடந்தே போலாம்னு அதுவே எறங்கிடும் போலக் கீது.

மணிமொழி: லிஃப்ட் இருக்கிற வூட்டுக்கெல்லாம் படியில தூக்கினு போனா அப்டித்தான் ஆவும்.

தணிகாசலம்: பெசன்ட் நகர்ல கேன்காரன் லிஃப்ட்ல ஏறக் கூடாதாம். நான் ஏறுனா லிஃப்ட்டுக்கு மூட்டு வலி வந்துருமோ இன்னாவோ!

மணிமொழி: சிரிக்காத. டாக்டர் சொன்னது காதுல வுழுந்துச்சா? தூக்கம் கெட்டாலே வலி ஏறுமாம். தூங்கிட்டா பாதி வலி எறங்கிடுமாம்.

தணிகாசலம்: வுழுந்துச்சு...

மணிமொழி: நீதான் நல்லா தூங்குறியே! நல்லா தூங்கியும் வலி கொறையலன்னா, தோளுக்குள்ள ஏதோ கீதுன்னுட்டாரு. ஸ்கேன் எடுத்து, தேவைன்னா ஆபரேசனாம். நர்ஸம்மா சீட்டு எழுதினு கீது. தோளக் கிழிச்சா அப்பறம் எங்க கேன் தூக்கறது? நீ கேன் போடுற லைன மொதலாளி வேற ஆளுக்குக் குடுத்துருவான்.

தணிகாசலம்: மணி... ஸ்கேன் வேணாம்.

மணிமொழி: பயப்படாத. நான் கீறேன்ல.

தணிகாசலம்: பயம்லாம் இல்ல. அந்தக் குறட்டை...

மணிமொழி: அதுக்கின்னா?

தணிகாசலம்: நான் தூங்கவே இல்ல.

மணிமொழி: நேத்தா?

தணிகாசலம்: பொங்கல்லேந்து. எப்டி படுத்தாலும் குத்துது. ஒக்காந்தா நீ எழுந்து தைலம் தேய்க்கிற. விடிஞ்சா தரமணி ஆபீஸுக்கு ஓடிப்போய் மாடி மாடியா தொடைக்கிற. நீயாச்சும் தூங்கட்டுமேன்னு...

மணிமொழி: தூங்கட்டுமேன்னு?

தணிகாசலம்: முழிச்சிக்கினே குறட்டை வுட்டேன்.

மணிமொழி: யோவ்! அம்மாஞ்சத்தமும் பொய்யா?

தணிகாசலம்: மொதல்ல சின்னதாத்தான் வுட்டேன். நீ அசையாம கெடந்தியா... தூங்கிட்டன்னு நெனச்சு கொஞ்சம் ஏத்துனேன். நடுவுல வர்ற விசிலு நானா சேத்தது.

மணிமொழி: அடப்பாவி மனுசா...

தணிகாசலம்: அப்பறமா திட்டு. உள்ள போய் டாக்டராண்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. எப்டியோ, நீ நல்லா தூங்குனல்ல... இன்னாமே, அழுவுறியா?

மணிமொழி: வயிறு எரியுதுய்யா! நீ வுட்ட குறட்டையில நான் ஒரு நாளாச்சும் கண்ண மூடியிருப்பனா? வலியோட தூங்குற மனுசன எழுப்பக் கூடாதேன்னு கட்டையாட்டம் கெடந்து கெடந்து இடுப்பே புடிச்சிக்கிச்சு. நவுரு... எனக்கும் ஒரு டோக்கன் போட்டுனு வரேன்.