இரண்டு டிகிரி குறைத்த கைகளுக்கு

எங்கள் பணிமனையின் செவியே! சீறும் எஞ்சினையும் சீராக்கிய செம்மையே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் உழைத்து இன்று பணி ஓய்வு பெறும் அன்புத் தம்பியே! வணக்கம்.

வேகத்துக்கென்றே கூட்டிக் கட்டிய எஞ்சினில் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதே உங்கள் வாழ்நாள் கவலை. பொறியின் கணத்தை மாற்றிவிடும் வாக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைப்பீர்கள். பணிமனை முதலாளியான என் கணவர், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்து, சுழலும் புல்லியில் தாம் இட்ட வெள்ளைக் கோட்டைப் பார்ப்பார். நீங்கள் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்புவீர்கள்.

"பொறிய இன்னும் ரெண்டு டிகிரி முந்த விடுடா காதுக்காரா, பறக்கும்."

"இருண்ணே, மேட்டுல ஏத்திப் பாத்துட்டு வரேன்."

"இவன் காதுல எறும்பு போனா, அதுக்கு எந்தக் கால் நொண்டின்னு சொல்லுவான்" என்று அவர் எங்களிடம் சிரிப்பார்.

அவர் கடைசியாக டைமிங் வைத்தது வாடிக்கையாளர் ஒருவரின் சிவப்புக் காருக்கு. மறுநாள் மாரடைப்பில் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துப் பணிமனையைத் திறந்தபோது நீங்கள் வந்து நின்றீர்கள்.

"அண்ணி, சிவப்பு வண்டி முப்பத்தாறு டிகிரில நிக்குது. ரெண்டு கொறைக்கணும்."

"அவர் கடைசியா வச்சது தம்பி. அதுல கை வைக்காதீங்க. அவர் இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

நீங்கள் கார்க் கதவைத் திறந்து, "ஏறுங்க அண்ணி" என்றீர்கள். டாப் கியரிலேயே மேட்டில் ஏற்றி ஆக்சிலரேட்டரை மிதித்தீர்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் எஞ்சினுக்குள் ஓர் ஓசை எழுந்தது.

"பொறி முந்தி விழுது. இப்படியே ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாயிடும். அண்ணன் வச்ச வண்டின்னுதான் பேசுவாங்க."

"அவருக்கு இது கேக்கலையா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினீர்கள். "ரெண்டு வருஷமாவே அவருக்கு இந்தச் சத்தம் கேக்கல அண்ணி. மேட்டுல நான் கேட்டுட்டு, வந்து கொறைச்சிடுவேன். அவர்ட்ட சொன்னதில்ல. இந்தச் சிவப்பு வண்டிக்கு வச்ச அன்னிக்கு நான் லீவு" என்றீர்கள்.

குறைத்துவிடச் சொன்னேன். அவருடைய வெள்ளைக் கோட்டை அழிக்காமல், பக்கத்தில் மஞ்சளில் ஒரு கோடு போட்டீர்கள். பிறகு அதே மேட்டில் அந்த வண்டி முனகாமல் ஏறியது. அது சர்வீசுக்கு வரும்போதெல்லாம் அந்த இரண்டு கோடுகளையும் குனிந்து பார்க்கிறேன்.

பொறுமை, திறமை, கடமை என்று எழுதச் சொன்னார்கள் நம் ஆட்கள். மூன்றும் உங்களிடம் உண்டு. ஆனால் ஒரு மனிதரின் குறையை அவருக்கே தெரியாமல் இரண்டாண்டு நிரப்பிவந்த பெருந்தன்மைக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பதினோராண்டுகளில் நீங்கள் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. காய்ச்சலிலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும். இன்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன் தம்பி: அந்த ஒரு நாள் லீவு உங்கள் குற்றமன்று.

நோயின்றி, நிறைந்த மனத்தோடு, நெடுங்காலம் வாழுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போது நீங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பணிமனைத் தோழர்கள் அனைவருக்குமாக,
உங்கள் அண்ணி