நான் நீக்கிய நான்கு வரிகள்

அன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கொல்லைக் கொடியில் துணி காய்ந்த ஞாபகம் இருக்கிறது. அது முந்தின நாளாகவும் இருக்கலாம். எனக்கு வயது அறுபத்தாறு. மற்றதெல்லாம் சரியாகவே நினைவிருக்கிறது, மேடம். நீங்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் அண்ணாதுரை. தஞ்சாவூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே மகள் செம்மொழியைக் குத்தாலத்தில் உரக்கடை வைத்திருக்கும் இளஞ்சேரனுக்குக் கொடுத்தேன். மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவன் நான்தான். அவர் அவ்வப்போது கை நீட்டுவார்.

அந்த முறை அவள் உதடு கிழிந்து வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். அவளுடைய போனை அவர் உடைத்திருந்தார். பாதுகாப்பு ஆணை கேட்டு ஆன்லைனிலேயே மனுப் போடலாம் என்று எங்கோ தெரிந்துவைத்திருந்தாள். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முற்பகல் முழுக்க அவளே டைப் செய்தாள். தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்தாள்.

"படிச்சுப் பாருங்கப்பா. தப்பிருந்தா திருத்துங்க. மார்க் மட்டும் போட்டுடாதீங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு விடவில்லை. குளிக்கப் போனாள்.

படித்தேன். அடி, உதை, பெல்ட் எல்லாம் தேதியோடு இருந்தன. நன்றாகவே எழுதியிருந்தாள். 'முன்பு நடந்தவை' என்ற கட்டத்தில் நான்கு வரிகள்:

'இதற்கு முன் மூன்று முறை அப்பாவிடம் வந்தேன். மூன்று முறையும் காயத்தைப் பார்த்தார். மூன்று முறையும் அவரே பஸ்ஸில் கூட்டிப்போய்த் திரும்ப விட்டார். கேட்க ஆளில்லை என்று தெரிந்த பிறகு அடி அதிகமானது.'

என் வீட்டில் சாப்பிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பற்றி. அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். துரோகம் என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பொருள் புரிந்தது அன்றுதான்.

நான்கு வரிகளையும் நீக்கிவிட்டு அனுப்பினேன். ஓடிபி என் போனுக்குத்தான் வந்தது.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியான நீங்கள் போனில் கூப்பிட்டீர்கள்.

"சார், செம்மொழி இருக்காங்களா? உயிருக்குப் பயம் இருக்கான்னு அவங்க வாயால கேக்கணும்."

"தூங்குது மேடம். சின்னச் சண்டைதான். பேசி முடிச்சிட்டோம்."

"எழுந்ததும் கூப்பிடச் சொல்லுங்க சார். மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. சொல்லவில்லை. அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆகவே அன்று மழை இல்லை. மாலையில், மனுவைத் திரும்பப் பெறும் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கும் ஓடிபி எனக்கே வந்தது.

"அதிகாரி பேசினாங்கம்மா," என்றேன் அவளிடம். "ஆணை வர்ற வரைக்கும் நீ அந்த வீட்டுல இருந்தாத்தான் மனு நிக்குமாம்."

"நெசமாவாப்பா? அப்படியா சொன்னாங்க?"

"நான் பொய் சொல்வேனா?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள். நான்காவது முறையாக நானே கொண்டுபோய் விட்டேன். பஸ் கும்பகோணத்தைத் தாண்டியது. வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாள்ல வரும்பா?" என்றாள்.

"ஒரு மாசம்."

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

இளஞ்சேரன் ஜாமீனில் வந்து கடையைத் திறந்துவிட்டார். செம்மொழிக்கு இடது காது இனிக் கேட்காது. வயிற்றில் இருந்தது தங்கவில்லை. நாகூரில் ஒரு விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். புது போன் வாங்கி, தன் எண்ணையே கொடுத்து, புது மனுப் போட்டிருக்கிறாள். அதில் இரண்டாம் எதிர்மனுதாரர் நான்.

நகல் கிடைத்தது. நான் நீக்கிய நான்கு வரிகளும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லாம் உண்மை, எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு முறையும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். அதை மட்டும் அவள் எழுதவில்லை.