கழுவ யார் வந்தீர்கள்?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நம் மேடவாக்கம் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் சத்யநாராயணன் சார் அவர்களே! பெற்ற தாயைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உதயா! கண்கலங்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லாருக்கும் என் வணக்கம். அழவேண்டிய மேடையில் நான் கோபமாகத்தான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்களும் எழுந்து போகாமல் கேளுங்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் அம்மையார் கோகிலவாணி அவர்களைப் ‘பசுமை நாயகி’ என்றார்கள். நாம் கொடுத்த பட்டம்தான். போன பொங்கல் விழாவில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சால்வையோடு சேர்த்துக் கொடுத்தோம்! அவர் அந்த உறையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்படி அவர் என்ன செய்தார்? நம் வீட்டு விசேஷம் முடிந்ததும் பேப்பர் கப்பும் தண்ணீர் பாட்டிலும் ஏரிக்கரையில் போய்க் குவிவதைப் பார்த்தார். “வாயால பேசி என்ன ஆகப்போகுது ஜான்சி?” என்று என்னையும் இழுத்துக்கொண்டு, வீடு வீடாக எவர்சில்வர் டம்ளரும் கிண்ணமும் சேர்த்தார். வளைகாப்பா, காதுகுத்தா, எங்கள் சர்ச்சில் ஞானஸ்நான விருந்தா, யார் கேட்டாலும் இலவசம். ஒரே நிபந்தனை, கழுவித் திருப்பித் தரவேண்டும். ‘பாத்திர வங்கி’ என்று அதற்குப் பெயர் வைத்தோம். பெயருக்கு எல்லாரும் கைதட்டினோம்.

கழுவ யார் வந்தீர்கள்?

“லாரித் தண்ணி ஆன்ட்டி, கட்டுப்படியாகாது” என்றது ஒரு வீடு. இன்னொரு வீடு, பாத்திரம் தேய்க்கும் சரசுவை அனுப்பப் பார்த்தது. அவள், “வூட்டு வேலைக்குத்தான வந்துகினு கீறேன்? ஊரு எச்சிலக் கழுவவா வந்தேன்?” என்று கேட்டாள். கேட்டதில் என்ன தப்பு? நம் வாய் பட்ட டம்ளரைத் தொட நமக்கே கூசுகிறதே, அடுத்தவள் ஏன் தொடவேண்டும்? பாயசம் காய்ந்துபோன கிண்ணங்கள் சாக்கில் கட்டியபடி அவர் வாசலில் கிடக்கும். கோகிலவாணி அக்காவும் நானும் முட்டி நோக உட்கார்ந்து தேய்ப்போம். நான் உங்களையெல்லாம் திட்டுவேன். “விடு ஜான்சி. திட்டினா மறுபடி பேப்பர் கப்புக்கே போயிடுவாங்க” என்பார். பயந்தாரே ஐயா! நம் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்து பயந்தே நம் எச்சிலைக் கழுவினாரே!

நாம் பழக்கத்தை மாற்றிக்கொண்டோமா? எங்கே மாற்றினோம்! குப்பைத் தொட்டியில் போட்டதை ஒரு பெண்ணின் தலையில் போட்டோம். அவ்வளவுதான்.

போன மாதம் திருநீர்மலையில் தலைவர் வீட்டுத் திருமணம். ‘பிளாஸ்டிக் இல்லாத் திருமணம்’ என்று மண்டப வாசலில் பலகை. பந்தி முடிந்ததும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். நான் அன்று ஊரில் இல்லை, பிறகுதான் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். அதில் அக்கா இல்லை. எங்கே இருந்தார்? மண்டபத்தின் பின்பக்கம், சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கூப்பிட்ட குரல் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் போனார். அவரைத் தேடியா போனார்? “அக்கா, காபிக்கு டம்ளர் வரலியே?” என்று கேட்டுக்கொண்டு போனார்!

ஆபரேஷன் முடிந்தும் தேறவில்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார், “கிண்ணமெல்லாம் வந்து சேர்ந்துடுச்சா?” என்று. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வந்து சேர்ந்தன அக்கா. கழுவாமல் வந்து சேர்ந்தன! இதற்கு விபத்து என்று பெயராம்!

நேற்று சங்கத்தில் ஒருவர் சொன்னார்: “இனிமே யார் சார் கழுவுறது? பேசாம வங்கிய மூடிட்டு, பேப்பர் கப்பே வாங்கிடலாம்.” இன்னொருவர் என்னைக் காட்டி, “அதான் ஜான்சி மேடம் இருக்காங்களே, அடுத்த கோகிலவாணி அவங்கதான்” என்றார். மாலை போடாத குறை!

மாட்டேன். எல்லார் காதிலும் விழட்டும், நான் மாட்டேன். அடுத்த கோகிலவாணி என்று இந்த ஊரில் இனி ஒருத்தி இருக்கக்கூடாது. ஆனால் வங்கியையும் மூடவிடமாட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. கேட்பவர்களுக்குத் திறந்து கொடுப்பேன். குடித்தவர் கையால்தான் கழுவவேண்டும். மாப்பிள்ளை வீட்டாரானாலும் சரி, வேட்டி கட்டிய பெரிய மனிதரானாலும் சரி. எச்சில் என்றால் அவரவர் எச்சில்தானே?

அம்மையார் பணியைத் தொடர்வோம் என்று உங்களை உறுதி எடுக்கவைக்கத்தான் என்னை மேடையேற்றினார்கள். நெஞ்சில் கை வைக்கவேண்டாம். இன்னும் சற்று நேரத்தில் காபி வரும். அக்கா சேர்த்த டம்ளரில்தான் வரும். குடித்துவிட்டு நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வாசல் பக்கம் குழாய் இருக்கிறது. சோப்பும் நாரும் வைத்திருக்கிறேன்.

தலைவர் அவர்களே, முதலில் நீங்கள் வாருங்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். டம்ளரைத் தொடமாட்டேன்.